அமலம் சவுண்டு சர்வீஸும் கேட்காத மணியும்

சந்தவாசலில் அமலநாதனைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் அவர் கையைப் பற்றித்தான் சொல்வார்கள். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார், கண்ணை மூடுவார், அப்படியே ஒரு நிமிடம் நிற்பார். "இந்தப் பாக்ஸ்ல ஒரு வயரு லூசா கீது" என்பார். கழற்றிப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி பிடிக்கிறாரே என்று ஊரே மெச்சிக்கொள்ளும். காதால் செய்ய வேண்டிய வேலையை இந்த மனுஷன் எதற்காகக் கையால் செய்கிறார் என்று மட்டும் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியது ஒரே ஒருத்திக்குத்தான். அவள் அவருடைய மனைவி பிலோமினாள்.

பதினேழு வயதில் மைக் செட்டுக்கு வந்தவர் அமலநாதன். இப்போது ஐம்பத்தைந்து. ஆரம்பத்தில் மூன்று வருஷம் குழாய் ஸ்பீக்கரை எவனும் கழற்றிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அதன் வாய்க்கடியிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். அதற்கப்புறம் சொந்தமாக ஆம்ப்ளி வாங்கி, சொந்தமாகக் குழாய் வாங்கி, பெட்டிமேல் 'அமலம் சவுண்டு சர்வீஸ்' என்று சிவப்பில் எழுதி, கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் என்று ஒன்றையும் விட்டதில்லை. என்ன விசேஷம், யாருக்கு என்ன என்று கேட்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது. "கல்யாணமோ கருமாதியோ, வயர் ஒண்ணுதான்" என்பார். முப்பத்தெட்டு வருஷம் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றால் எந்தக் காதுதான் தாங்கும்? அது பாட்டுக்கு மெல்ல மெல்லக் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது.

ஆனால் அதை ஒத்துக்கொள்வாரா? விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி அவர். போனில் யாராவது பேசினால் இரண்டு தடவை "ஹலோ ஹலோ" என்பார். "சிக்னல் இல்ல, இந்தா நீ பேசு" என்று பிலோமினாளிடம் நீட்டிவிடுவார். டிவி பார்த்தால், "இந்தக் காலத்துல எவன் வாயத் தொறந்து பேசறான்?" என்பார். பிலோமினாள் ஏதாவது கேட்டால், "வாய்க்குள்ளயே முனகாத, மனுஷனுக்குக் கேக்கற மாதிரி பேசு" என்று எரிந்து விழுவார். யாரை? கோயில் பாடற்குழுவில் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற குரல்காரியை! அந்தக் குரலில் மயங்கித்தான் அவளைக் கட்டிக்கொண்டதே. கொடுமையா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வேறொரு வேலை செய்தாள். வயர் சுருட்டித் தருகிறேன் என்று சொல்லி, மூன்று வருஷமாக எல்லா விசேஷத்துக்கும் கூடவே வர ஆரம்பித்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நிற்பாள். சத்தம் அதிகம் என்றால் முந்தானையை இழுத்துச் செருகுவாள். மைக் கூவினால் கொண்டையைத் தொடுவாள். எல்லாம் சரியாக இருந்தால் தாடையைத் தடவிக்கொள்வாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி திருகாணியைத் திருகுவார். இதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரே தட்டில் பணியாரம் தின்றுகொண்டு, இதை மட்டும் பேசாமலே மூன்று வருஷம் ஓட்டினார்கள்.

போன வருஷம் மாதா திருவிழாவுக்குச் சரியாக மகள் ஜூடிக்குப் பிரசவம். பிலோமினாள் ஓசூருக்குப் போய்விட்டாள். போச்சு. சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் மைக் கூவ ஆரம்பித்தது. லேசாகவா? காதில் கம்பியை விட்டுக் குடைகிற மாதிரி. ஜெபப் புத்தகத்தால் காதைப் பொத்திக்கொண்டார்கள் ஜனங்கள். கைக்குழந்தைகள் வீறிட்டன. அமலநாதனோ பெட்டிமேல் கையை வைத்துக் கண்ணை மூடி, முகத்தில் பரம திருப்தியோடு நின்றுகொண்டிருந்தார். திருவிழாக் கமிட்டிச் செயலாளர் டேனி அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் காட்டினான். பாராட்டுகிறான் என்று நினைத்து இவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே டேனி வீட்டுக்கு வந்துவிட்டான். நல்ல பையன்தான், மாமா மாமா என்று மரியாதையாகப் பேசுகிறவன்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவ காது டாக்டராண்ட காட்டிட்டு வந்துருங்க. அப்புறம் திருவிழா பேசலாம். கமிட்டில வேற செட்டு பாக்கணும்னு சொல்றாங்க."

"என் காதுக்கு இன்னாடா? உங்க சாமியாருக்கு மைக் புடிக்கத் தெரியல. அத மொதல்ல சொல்லிக் குடு."

டேனி போய்விட்டான். அமலநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பத்து நாலு திருவிழா போட்டிருக்கிறார். அது கைவிட்டுப் போனால் ஏன் போச்சு என்று ஊர் கேட்கும். கேட்டால் காது செவிடு என்று பதில் வரும். செவிடன் செட்டை எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? அதோடு அமலம் சவுண்டு சர்வீஸ் சரித்திரம் முடிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மலைமேலிருந்து போன் வந்தது. ஜமுனாமரத்தூருக்கு உள்ளே தள்ளி, நெல்லிமரத்தூர் என்கிற ஊரில் கிராம நர்சாக இருக்கிற சசிகலா. முன்பு ஒரு முகாமுக்கு இவர்தான் அங்கே செட்டு போட்டார். வழக்கம்போல "சிக்னல் இல்ல" என்று பிலோமினாளிடம் போனைக் கொடுத்தார். அவள் கேட்டுச் சொன்னாள். சமவெளியில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து மாதா மாதம் இன்டர்நெட்டில் நேரலையாக டாக்டர்கள் பேசுகிறார்கள். பல ஊர்களில் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். நெல்லிமரத்தூரும் இந்தத் தடவை சேர வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கிறது, திரை இருக்கிறது, சத்தத்துக்கும் கனெக்‌ஷனுக்கும் ஆள் வேண்டும்.

அமலநாதன் துள்ளி எழுந்தார். "கம்ப்யூட்டர் நேரலையே போட்டுக் காட்டிட்டு வந்துட்டா அந்த டேனி வாயத் தொறப்பானா? வா, வயரைச் சுருட்டு."

"நான் வரல" என்றாள் பிலோமினாள். இந்தத் தடவை அவர் முகத்துக்கு நேராக நின்று, கத்தியே சொன்னாள். "டேனி சொன்னதுல இன்னா தப்பு? காதக் காட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் எந்த ஊருக்கு வேணும்னாலும் வயர் சுருட்டறேன்."

"நீ இல்லன்னா எனக்கு வேல தெரியாதா?" என்று குட்டியானை வண்டியில் தனியாகச் சாமானை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார் அமலநாதன். வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் அவள் வாசலில் நிற்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனார். நின்றாள்.

நேரலை சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. இவர் வெள்ளிக்கிழமை காலையிலேயே நெல்லிமரத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டார். சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் ஆளுயரத்துக்கு ஒரு காது. 'உங்கள் செவி, உங்கள் செல்வம்: நலவாழ்வு நேரலை' என்று போட்டிருந்தது. அமலநாதன் அந்தக் காதை முறைத்தார். இது பிலோமினாள் பார்த்த வேலையோ என்று கூட ஒரு சந்தேகம் வந்தது. பிறகு தன் வயர்ச் சுருளை அதற்கு மேலிருந்த ஆணியில் மாட்டி அந்தக் காதை முழுசாக மூடினார்.

சசிகலா லேப்டாப்பைக் கொடுத்து அவசரமாக விளக்கினாள். ஒரு கர்ப்பிணியை ஜமுனாமரத்தூருக்கு அழைத்துப் போக ஜீப் காத்திருந்தது. "அண்ணே, இந்தப் பக்கத்துல நாலு சோதனை கீது. பிரவுசர், நெட் வேகம், படம், சத்தம். நாலுக்கும் பச்ச டிக் விழணும். விழலன்னா நாளைக்கு நம்ம ஊர சேத்துக்க மாட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுங்க" என்று எழுதியே காட்டிவிட்டுப் போனாள். அவர் காது விஷயம் நர்சுக்குத் தெரியாதா என்ன?

முதல் டிக் தானாக விழுந்தது. இரண்டாவதுக்குத்தான் பாடு. நெல்லிமரத்தூரில் சிக்னல் கிடைக்கிற இடம் இரண்டே இரண்டு. ஒன்று ஊருக்கு மேலே இருக்கிற பாறை. போன் பேச வேண்டுமென்றால் எல்லோரும் அங்கேதான் ஏறுவார்கள். இன்னொன்று கூடத்துக்குப் பக்கத்துப் புளியமரத்து உச்சி. மைக் செட்டுக்காரனுக்கு மரம் ஏறச் சொல்லித்தர வேண்டுமா? வழக்கமாகக் குழாய் கட்டுகிற கவட்டையில், குழாய் கட்டுகிற அதே முடிச்சுப் போட்டு, சசிகலா ஆபீசில் கொடுத்த குட்டி இன்டர்நெட் பெட்டியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிவிட்டு இறங்கினார். இறங்கிப் பார்த்தால் நெட் பாய்ந்து வந்தது. இரண்டாவது டிக். திரையில் படம் விழுந்து மூன்றாவது டிக். கூடி நின்ற ஜனம் கைதட்டியது. அமலநாதன் மீசையை நீவிக்கொண்டார்.

நான்காவது சோதனை. திரையில் தமிழிலேயே எழுத்து வந்தது. 'இப்போது ஓர் ஒலி வரும். கேட்டதா?' கீழே இரண்டு பொத்தான்: ஆம், இல்லை.

அமலநாதன் பெட்டிமேல் கையை வைத்தார். கண்ணை மூடினார். ஒன்றுமில்லை. 'இல்லை' என்று அழுத்தினார்.

பெட்டியிலிருந்து 'டிங்' என்று தெளிவாக ஒரு மணிச் சத்தம் வந்திருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கூடத்தில் இருந்த பதினைந்து பேருக்கும் கேட்டது. வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பாஞ்சாலைக்கும் கேட்டது. மெல்லிய கீச்சு மணி அது. பெட்டியை அதிர வைக்காது, அதனால் கைக்கும் அகப்படாது.

அப்படியானால் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? நாளைக்கு டாக்டரம்மா பேசப் போகிறார் என்று தெரியும் அவர்களுக்கு. மைக் செட்டுக்காரர் "சத்தம் வரல, சத்தம் வரல" என்று தலையில் அடித்துக்கொண்டால், டாக்டரம்மா பேச்சு வரவில்லை என்றுதானே நினைப்பார்கள்? பக்கத்தில் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்த சடையன் என்கிற விவசாயி மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னார். "மணி மட்டும் அடிக்குது. டாக்டருதான் இன்னும் வரல. கோயில்ல மணி அடிச்சாதானே சாமி வரும்? இரு, வரும்."

சாமி வரவில்லை. 'இல்லை' என்று அழுத்தினால் திரையில் ஒரு யோசனை வரும். 'ஒலிபெருக்கியின் இணைப்பைச் சரிபார்க்கவும்.' பிடுங்கிச் செருகினார். டிங். இல்லை. 'வேறு வயரைப் பயன்படுத்தவும்.' மாற்றினார். டிங். இல்லை. 'கணினியை அணைத்து மீண்டும் தொடங்கவும்.' டிங். இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் போய் ஒரு கடையைக் குடைந்து புது வயர் வாங்கி வந்தார். டிங். இல்லை. மைக்கில் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிப் பார்த்தார். பெட்டி அதிர்ந்தது. லேப்டாப்பில் ஒரு பம்பைப் பாட்டைப் போட்டார். கை குலுங்கியது. அப்போ செட்டு நன்றாக இருக்கிறது. லேப்டாப்பும் நன்றாக இருக்கிறது. இந்தப் பாழாய்ப்போன நான்காவது சோதனை மட்டும் ஊமையாகக் கிடக்கிறது!

"யோவ், ஆமான்னு அமுக்கிட்டுப் போவியா. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார் சடையன், காதருகே குனிந்து.

அமலநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கேக்காதத கேட்டேன்னு சொல்றதா? இந்தத் தொழில்ல நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லங்க." சொந்தக் காதைப் பற்றி ஊர் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷன், செட்டைப் பற்றி ஒரு பொய் சொல்ல மாட்டாராம். என்ன செய்வது, அவர் அப்படித்தான்.

'ஒலி அளவைக் கூட்டவும்' என்று அடுத்த யோசனை வந்தது. கூட்டினார். போதாதென்று வண்டியிலிருந்து குழாயையும் இறக்கிக் கூரையில் கட்டி ஆம்ப்ளியை முழுசாகத் திருப்பினார். பதில் சொல்லாமல் விட்டால் பத்து நொடிக்கு ஒரு தடவை அந்த மணி தானாக அடிக்கும். அடித்தது. மலை முழுக்க அடித்தது. எதிர்ச் சரிவில் மேய்ந்த ஆடுகள் கட்டறுத்தது மாதிரி நாலாப்பக்கமும் சிதறி ஓடின. நாய்கள் ஊளையிட்டன. கோழிகள் கூரைமேல் ஏறிக்கொண்டன. அமலநாதன் பெட்டியைத் தடவிக்கொண்டு, "சுத்தமா ஒண்ணுமே வரலயே" என்றார்.

பாஞ்சாலை முறத்தைக் கீழே போட்டாள். காதைப் பொத்திக்கொண்டு ஏதோ திட்டினாள். குரல் கொடுக்கிறாளே, பாவம், உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து இவர் தலையாட்டினார்.

யோசனைகள் தீர்ந்துபோய்க் கடைசியாக ஒரு வரி வந்தது. 'இவ்வளவும் செய்தும் கேட்கவில்லை என்றால், அருகில் உள்ள ஒருவரைக் கேட்டுப் பார்க்கச் சொல்லவும்.' அதைப் படித்ததும் அமலநாதனுக்கு மூக்குமேல் கோபம். முப்பத்தெட்டு வருஷ மைக் செட்டுக்காரனுக்கு அக்கம்பக்கத்துக்காரன் கேட்டுச் சொல்ல வேண்டுமா? கோளாறு ஆஸ்பத்திரிக்காரர்கள் பக்கம்தான் என்று முடிவு கட்டினார். கீழே உதவி எண் இருந்தது. சடையனை வழிகாட்டச் சொல்லிப் பாறைக்கு ஏறினார். பின்னால் குழாய் பாட்டுக்கு டிங், டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

பாறைமேல் நின்று நம்பரைப் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். மெல்லிய குரல். "ஹலோ... ஹலோ... இங்க சவுண்டு டெஸ்டு வேல செய்யலங்க. இன்னா? ஹலோ? சிக்னல் இல்ல" என்று பழக்கதோஷத்தில் போனைச் சடையனிடம் நீட்டினார். சிக்னல் கிடைக்கிற பாறைமேல் நின்றுகொண்டு!

சடையன் கேட்டார். தலையைச் சொறிந்தார். அமலநாதன் காதோடு வாயை வைத்துச் சத்தமாகச் சொன்னார். "அந்தம்மா சொல்லுது, சவுண்டு நல்லாதான் கீதாம். போன்லயே அவங்களுக்குக் கேக்குதாம்."

"எது கேக்குதாம்?"

"அதான், மணி. காலைலேர்ந்து டிங்கு டிங்குன்னு உசுர வாங்குதே, அந்த மணிதான். ஆடெல்லாம் ஓடிப்போச்சே, பாக்கல?"

அமலநாதன் கூடத்தின் பக்கம் பார்த்தார். கூரைமேல் குழாய் தெரிந்தது. அதன் கீழே பாஞ்சாலை இரண்டு காதிலும் முந்தானையைத் திணித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கோழிகள் தெரிந்தன. சத்தம் மட்டும் இல்லை. மாதா திருவிழா அவருக்கு ஞாபகம் வந்தது. டேனி கையை ஆட்டியது, ஜெபப் புத்தகங்கள், தான் காட்டிய கட்டைவிரல். ஐயோ என்று பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது.

சடையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெற்றிலைப் பையைத் திறந்து ஒரு பாக்கை நீட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து அமலநாதன் இறங்கி வந்தார். முதல் காரியமாகக் குழாயை நிறுத்தினார். பாஞ்சாலையை உள்ளே வரச் சொல்லி லேப்டாப்புக்கு எதிரே உட்கார வைத்தார். "ஆத்தா, மணி அடிச்சா வெரலத் தூக்கு."

"செத்த பொணமே எழுந்து உக்காந்திருக்கும்யா, அதுக்கு வெரலு வேறயா?" என்றாள் பாஞ்சாலை. ஆனாலும் தூக்கினாள். பத்து நொடிக்கு ஒரு தடவை விரல் எழும்பியது. மூன்று தடவை எழும்பிய பிறகு அமலநாதன் 'ஆம்' என்று அழுத்தினார். நான்காவது டிக் பச்சையாக விழுந்தது. இணைந்திருக்கும் ஊர்கள் என்று ஒரு பட்டியல் திரையில் வந்தது. பதினாறு ஊர். நெல்லிமரத்தூர் பதினாறாவது. ஏழாவதாக ஒரு பெயரைப் பார்த்து அவருக்குத் திக்கென்றது. சந்தவாசல், பங்கு மண்டபம். அவர் ஊர் மாதா கோயில் மண்டபம்தான்.

டிக் விழுந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். நாளைக்குப் பேசப்போவது ஒரு பெண் டாக்டர். குரல் கீச்சென்று இருக்கிறதா, குழறுகிறதா, மைக் கூவுகிறதா என்று யார் சொல்வது? மறுபடியும் பாறைக்கு ஏறி வீட்டு நம்பரைப் போட்டார்.

"பிலோ, சிக்னல் இல்ல. நீ பேசாத, நான் சொல்றத கேளு. காலைல மொத பஸ்ஸுல வந்துரு."  போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "அந்த நீலப் பொடவ கட்டிகினு வா. கூட்டத்துல தூரத்துலேர்ந்து நல்லாத் தெரியும்."

அந்த முனையில் என்ன பதில் வந்தது என்று அவருக்குக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

காலையில் மலைப் பஸ் வளைவு திரும்பும்போதே ஜன்னலில் நீலம் தெரிந்தது. பிலோமினாள் இறங்கினாள். டிபன் டப்பாவை அவர் கையில் கொடுத்தாள்.  நேராகக் கூடத்துக்குள் போய்ப் பின்சுவரோடு நின்றுகொண்டாள்.

பதினோரு மணிக்குத் திரையில் டாக்டர் ரேணுகாதேவி வந்தார். முந்தானையைச் செருகினாள் பிலோமினாள்; சத்தம் குறைந்தது. கொண்டையைத் தொட்டாள், அமலநாதன் ஒரு திருகாணியை மெல்லத் திருப்பினார். தாடையைத் தடவினாள். அறுபது பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் டாக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சத்தம் வந்தது. திரையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களில் மற்ற ஊர்கள் தெரிந்தன. ஏழாவது கட்டத்தில் டேனி தலை.

டாக்டர் பேசப் பேசத் திரையின் அடியில் எழுத்தும் ஓடியது. அமலநாதன் அதைப் படித்துக்கொண்டிருந்தார். "காது போறப்போ எல்லாச் சத்தமும் ஒண்ணாப் போகாது. கீச்சுச் சத்தம் மொதல்ல போகும். குருவிச் சத்தம், கொலுசுச் சத்தம், மணிச் சத்தம். அப்புறம் பொம்பளைங்க குரல், பிள்ளைங்க குரல். 'என் வூட்டுக்காரி வாய்க்குள்ளயே முனகறா டாக்டர்'னு சொல்லிகினு வர்ற ஆம்பளைங்கதான் எங்கிட்ட அதிகம்."

கூடம் சிரித்தது. அமலநாதன் சிரிக்கவில்லை. அந்த வரி ஓடி மறைகிற வரைக்கும் பார்த்தார். பிறகு திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார். பிலோமினாள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முனகவே இல்லை. மூன்று வருஷமும் அந்தக் கடைசி பெஞ்சுக் குரலில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். 

கடைசியாகக் கேள்வி நேரம். ஒவ்வொரு ஊராகக் கேட்டு வந்து நெல்லிமரத்தூரைக் கூப்பிட்டார் டாக்டர். சசிகலா மைக்கை நீட்டினாள். ஜனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. அமலநாதன் ஏழாவது கட்டத்தைப் பார்த்தார். டேனிக்குப் பின்னால் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. மைக்கை வாங்கினார்.

"டாக்டரம்மா, நான் இங்க மைக் செட்டு போட வந்தவன். அமலநாதன், சந்தவாசல். உங்க மணி சத்தம் நேத்து மல பூரா கேட்டுது. எனக்கு மட்டும் கேக்கலைங்க. காது போன மைக் செட்டுக்காரன் தொழில வுட்டுடணுங்களா?"

 டாக்டர் முன்னால் குனிந்து பேசினார். எழுத்து ஓடியது. "போன காது திரும்பி வராதுங்க, பொய் சொல்ல மாட்டேன். கருவி வச்சா பேச்சு நல்லாவே புரியும். வந்து காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். இவ்ளோ நேரமா பதினாறு ஊரு சத்தத்தையும் கேட்டுகினு கீறேன். இரைச்சல் இல்லாம, கூவாம, சுத்தமா வர்றது உங்க ஊரு ஒண்ணுதான். கேக்கலன்னு சொல்றீங்களே, எப்படி வச்சீங்க?"

அமலநாதன் மைக்கைப் பிடித்தபடி பின்சுவரைக் கைகாட்டினார். அறுபது தலையும் திரும்பியது.

"கை என்னுதுங்க. காது, அதோ அந்த நீலப் பொடவ."

பிலோமினாள் வெட்கத்தில் எதைச் செய்வது என்று தெரியாமல் முந்தானையைச் செருகினாள், கொண்டையைத் தொட்டாள், எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தாள். அமலநாதன் குழம்பிப்போய் ஆம்ப்ளியைப் பார்த்தார். பாஞ்சாலைதான் முதலில் சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது.

நேரலை முடிந்து வயரையெல்லாம் எடுக்கும்போது சுவரிலிருந்த பெரிய காது மறுபடி வெளியே வந்தது. அமலநாதனின் போன் சட்டைப் பையில் நடுங்கியது. புளியமரத்துப் பெட்டியின் புண்ணியத்தில் வாட்ஸ்அப் அழைப்பு. டேனி. சிக்னல் கோடு அத்தனையும் முழுசாக நின்றது. ஒன்றுகூடக் குறையவில்லை. காதில் வைத்தார். ஏதோ பேசுகிறான் என்று மட்டும் தெரிந்தது.

"டேனி, எனக்குக் காது கேக்கலடா" என்றார் அமலநாதன். "இரு, எங்க வூட்டுக்காரிகிட்ட குடுக்கறேன்."

பிலோமினாள் போனை வாங்கி, கடைசி பெஞ்சுக்கு எட்டுகிற குரலில் கேட்டாள். "சொல்லு டேனி. திருவிழாவுக்கு என்னைக்கு வயர் இழுக்கணும்னு சொல்லு, ரெண்டு பேரும் வர்றோம்."